காமராஜருக்கு எத்தனை மொழி தெரியும்?

இந்தக் கேள்வியை உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் யோசிக்காம சொல்லுவாங்க: தமிழ் மட்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக்காரங்கன்னா கூடவே ஒரு கதையும் வரும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், இங்கிலீஷும் வராது, இந்தியும் வராது, ஆனாலும் டெல்லிக்குப் போய் ரெண்டு பிரதமரை உட்கார வச்சார். நம்ம ஊர்த் தாத்தாக்கள் இதைச் சொல்லும்போது குரல்லயே ஒரு மிடுக்கு தெரியும்.

கதை தப்பில்லை. ஆனால் பாதிக் கதை. ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் பேசுவது புரியாத இடத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்குத் தெரியப்போகிறது? ஏகப்பட்ட மொழிக்காரர்கள் இருக்கும் ஓர் அமைப்பில் ஒரே மொழியோடு நுழைந்தவர் தலைவர் நாற்காலி வரைக்கும் போகிறார் என்றால், அந்த அமைப்பில் யாரோ எப்போதோ ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படிச்சிட்டு வந்து, முதல் செமஸ்டர் வைவாவில் பதில் தெரிஞ்சும் வாய் திறக்க முடியாமல் நின்ன ஆள் நீங்கன்னா, அந்தக் கதவோட அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் வெளியே ஒரு எட்டு போய்ட்டு வந்துடுவோம். ஐ.நா. பொதுச் சபையில் இன்றைக்கு 193 நாடுகள். அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஆரம்பத்தில் ஐந்துதான், அரபு 1973இல் சேர்ந்தது. இந்த ஆறில் எதில் பேசினாலும் மற்ற ஐந்திலும் ஹெட்போன் வழியாக உடனுக்குடன் கேட்கலாம். சரி, ஏழாவது மொழிக்காரர் என்ன செய்வார்? அதற்கும் விதி இருக்கு. அவர் தன் மொழியிலேயே பேசலாம். ஆனால் ஆறில் ஒன்றுக்கு மொழிபெயர்க்க ஆளை அவரே கூட்டிட்டு வரணும். பேசுகிற உரிமை உண்டு, அலைச்சல் உங்களுடையது. எல்லாருக்கும் புரியணும், அதே சமயம் யார் வாயையும் அடைக்கவும் கூடாது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் எந்த அமைப்பிலும் இந்த இழுபறி ஓயாது.

இதே கணக்கை ஐ.நா. பிறப்பதற்கு 25 வருஷம் முன்னாடியே போட்டுப் பார்த்த அமைப்பு இந்திய தேசிய காங்கிரஸ். நாடு ஒன்றுதான் என்றாலும் மொழி விஷயத்தில் ஐரோப்பாவுக்குக் கொஞ்சமும் குறையாத சிக்கல்.

காங்கிரஸ் 1885இல் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு தொடங்கியது. வந்தவர்களில் வக்கீல்கள், பத்திரிகை ஆசிரியர்கள் அதிகம். நடவடிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். வேறு வழியும் இல்லை. சென்னைக்காரருக்கும் கல்கத்தாக்காரருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதன் விலை என்ன? ஆங்கிலம் படிக்காதவனுக்கு அந்தப் பந்தலில் இடமே இல்லை. விருதுபட்டியில் தேங்காய் விற்கிறவருக்கும் காங்கிரஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த விருதுபட்டியில், 1903 ஜூலை 15ஆம் தேதி, தேங்காய் வியாபாரி குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் ஒரு பையன் பிறந்தான். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் செல்லமாக ராஜா. ரெண்டும் ஒட்டிக்கொண்டு காமராஜ் ஆனது. ஆறு வயசில் அப்பா போய்விட்டார். அம்மாவும் பாட்டி பார்வதி அம்மாளும் தங்கை நாகம்மாளும்தான் குடும்பம். பையன் திண்ணைப் பள்ளிக்கூடம் போனான், பிறகு சத்திரிய வித்யாசாலா. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து ஊர் நடத்திய பள்ளிக்கூடம் அது. பன்னிரண்டு வயசை ஒட்டிப் படிப்பு நின்றது. தாய்மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலை.

அந்தக் காலத்து நம்ம வட்டாரத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மொழி விஷயத்தில் இது மூடிக் கிடந்த ஊர் இல்லை. விருதுபட்டிச் சந்தையில் மிளகாய், பருத்தி, எண்ணெய். சரக்கு வெளியூர் போகும், வெளியூர்க் கடிதம் உள்ளே வரும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, லேபிள் அச்சடிக்க பிரஸ் என்று பின்னாடி எல்லாம் வளர்ந்தது. இன்றைக்கும் சிவகாசி பிரஸ்ஸில் குஜராத்தி காலண்டரும் ஒடியா காலண்டரும் ஓடும். மிஷினை ஓட்டுகிறவருக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பல மொழிக்காரர்களோடு வேலை செய்ய, பல மொழிகளும் தெரிந்திருக்கணும்னு கட்டாயம் இல்லை என்பதை நம்ம தொழில் பழகி வச்சிருக்கு.

அரசியல்தான் இந்த விஷயத்தில் பின்தங்கியிருந்தது. காமராஜ் ஜவுளிக் கடையில் இருந்த வருஷங்களில் அது மாற ஆரம்பித்தது. திரு.வி.க. அரசியல் மேடையில் நல்ல தமிழில் பேசினார், 1917இல் தேசபக்தன் நாளிதழில் எழுதினார். டாக்டர் வரதராஜுலு நாயுடு ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசினார். கடைப் பையன் கூட்டங்களுக்கு ஓடினான். கடைக்கு வரும் தமிழ்ப் பத்திரிகைகளை வரி விடாமல் படித்தான். 1919இல் ஜாலியன்வாலாபாக். அதற்குப் பிறகு அவன் மனசு கடையில் இல்லை.

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். 1920 டிசம்பர், நாக்பூர் காங்கிரஸ். காந்தி முன்நின்று கட்சியின் சட்டதிட்டத்தையே மாற்றி எழுதினார். பிரிட்டிஷ்காரர்கள் போட்ட மாகாண எல்லையைக் கட்சி கண்டுகொள்ளவில்லை. மொழியை வைத்து 21 மாகாணக் கமிட்டிகள் பிரித்தார்கள். அரசாங்க மேப்பில் சென்னை மாகாணம் ஒன்று. காங்கிரஸ் மேப்பில் தமிழ், ஆந்திரம், கேரளம், கர்நாடகம் என்று தனித்தனி. மத்திய மாகாணத்தை இந்துஸ்தானி பேசும் பகுதி, மராத்தி பேசும் பகுதி என்று பிரித்தார்கள். பர்மாவுக்கும் ஒரு கமிட்டி. நாலணா சந்தா கட்டினால் உறுப்பினர்.

1925 கான்பூர் காங்கிரஸில் அடுத்த விதி. அகில இந்திய அளவில் நடவடிக்கைகள் கூடியவரை இந்துஸ்தானியில். தெரியாதவர் ஆங்கிலத்திலோ தம் மாகாண மொழியிலோ பேசலாம். மாகாணக் கமிட்டியின் வேலை வழக்கமாக அந்த மாகாணத்தின் மொழியில். இந்த மூன்றில் கடைசி வரிதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி. டெல்லியில் யார் எந்த மொழியில் பேசினார்கள் என்பதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் நாலணா உறுப்பினர் வந்து உட்காரும் கமிட்டி, மினிட்ஸ் எழுதும் நோட்டு, கணக்கு வாசிக்கும் கூட்டம், தேர்தல், சண்டை, சமாதானம் எல்லாமே அவன் வீட்டு மொழியில் நடந்தால், அவன் வேடிக்கை பார்க்க வந்தவனாக இருக்க மாட்டான். வேலை செய்ய ஆரம்பித்துவிடுவான். ஒரு ரூல் புக்கில் ஒரு வரி. அதன் பலன் தெரிய இருபது முப்பது வருஷம் ஆகும்.

காமராஜ் முழுநேரத் தொண்டராகக் காங்கிரஸுக்குள் வந்தது சரியாக இந்தக் காலத்தில்தான். குடும்பத்துக்குக் கவலை. பையனைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அரசியல் வாசனை இல்லாமல் இருப்பான் என்று நினைத்தார்கள் போல! அங்கே மலையாளம் காதில் விழுந்ததோடு வைக்கம் போராட்டமும் சேர்ந்துகொண்டது. அதிலும் கலந்துகொண்டார். 1930இல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை. கொண்டுபோய் வைத்தது வங்காளத்தில், அலிப்பூரில். 1931இல் காந்தி-இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு விடுதலை. மொத்தமாக அவர் சிறையில் கழித்த காலம் ஒன்பது வருஷத்தைத் தொடும். 1942இல் பிடிபட்டு, 1945 வரைக்கும் இருந்தது மராத்திப் பக்கத்து அமராவதி சிறையில். சிறையில்தான் அவர் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையும் புத்தகமும் படிக்கும் அளவுக்கு, எதிரில் பேசுவது முழுக்கப் புரியும் அளவுக்கு.

ஆக, தலைப்புக் கேள்விக்கு ஒரு பகுதி விடை இங்கேயே வந்துவிட்டது. ஆங்கிலம் அவருக்குத் தெரியும், இந்தியும் கேட்டால் ஓரளவு புரியும். மேடையில் பேச அவர் எடுத்தது தமிழை மட்டும். தெரியாது என்பதற்கும் பேசவில்லை என்பதற்கும் நிறைய தூரம் இருக்குங்க. ஊர்க்கதை இந்த ரெண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

கட்சிக்குள் அவரைக் கைதூக்கிவிட்டவர் சத்தியமூர்த்தி. திருமயத்துக்காரர், வக்கீல், ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளுத்து வாங்கும் பேச்சாளர். 1936இல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக வந்தபோது காமராஜைச் செயலாளர் ஆக்கிக்கொண்டார். இந்த ஜோடியைக் கவனிங்க. ஒருவர் டெல்லி சட்டசபையில் ஆங்கிலத்தில் அரசாங்கத்தைத் திணறடிப்பவர். இன்னொருவர் எந்தக் கிராமத்தில் எந்தத் தொண்டன் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருப்பவர். பழைய ஆங்கிலக் காங்கிரஸாக இருந்திருந்தால் முதல் ஆளுக்கு மட்டும்தான் அங்கே இடம். 1940இல் தலைவர் தேர்தலில் ராஜாஜி தரப்பு நிறுத்திய சி.பி. சுப்பையாவை காமராஜ் மூன்றே ஓட்டில் தோற்கடித்தார். மூன்று ஓட்டுதான்! அதற்குப் பிறகு முதலமைச்சர் ஆகும் வரை தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பெரும்பாலும் அவர் கையில்தான்.

இதற்கு நடுவில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1937இல் காமராஜ் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து என்று ரெண்டு இளைஞர்கள் சிறைவாசத்தில் உயிரை விட்டார்கள். 1940இல் ஆணை வாபஸ் ஆனது. காமராஜ் அப்போது ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் வேலையைத் தொண்டனின் மொழியில் நடத்தக் கற்றுக்கொண்ட கட்சி, ஆட்சிக்கு வந்ததும் பள்ளிப் பிள்ளைக்கு அதே மரியாதையைக் கொடுக்கத் தவறியது. இதைச் சொல்லாமல் காமராஜர் வரலாற்றை எழுதினால் அது பிறந்தநாள் போஸ்டர்தான்.

1954 ஏப்ரல் 13, சென்னை மாகாண முதலமைச்சர். நம்ம பாட்டி தாத்தா காலத்துப் பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, அணைகள் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். மொழி விஷயம் மட்டும். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. 1920இல் காங்கிரஸ் கட்சிக்குள் போட்ட மேப், 36 வருஷம் கழித்து ஏறக்குறைய நாட்டின் மேப் ஆனது. அடுத்த மாசமே தமிழை ஆட்சி மொழி ஆக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

சட்டம் போடுவது எளிது, ஆபீஸில் ஓட்டுவது கஷ்டம். கோப்பில் குறிப்பு எழுத ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும், அதுவும் எல்லா அலுவலகத்திலும் ஒரே சொல்லாக. தாலுகா ஆபீஸ் ஒரு சொல்லும் கலெக்டர் ஆபீஸ் வேறு சொல்லும் எழுதினால் குழப்பம்தான். அதனால் ஆட்சிச் சொற்களுக்கென்று தனி அகராதியே தயாரித்தார்கள். உங்களில் டேட்டாபேஸ் படிக்கிறவங்களுக்கு இந்த வேலையோட அலுப்பு நல்லாப் புரியும். 1957இல் நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம் பட்ஜெட்டைத் தமிழில் வைத்தார். அதே ஆட்சியில்தான் 1959இல் கிண்டியில் மேற்கு ஜெர்மனி உதவியோடு ஐ.ஐ.டி. வந்தது, ஜெர்மன் பேராசிரியர்கள் வந்து நம்ம பசங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். ஒரு பக்கம் தமிழில் பட்ஜெட், மறுபக்கம் ஜெர்மனியிலிருந்து லேப் உபகரணங்கள். ரெண்டுக்கும் அந்த ஆட்சியில் இடம் இருந்தது.

1963 அக்டோபர் 2. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகணும் என்ற தன் திட்டப்படி முதல் ஆளாகத் தானே முதலமைச்சர் பதவியை விட்டார். சில நாட்களில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். 1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் மாநாடு. அங்கேதான் நேருவுக்கு உடல்நிலை மோசமானது. மே 27இல் நேரு மறைந்தார்.

அடுத்து யார்? நாடு முழுக்க அதுதான் கேள்வி. காமராஜர் செய்தது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும் ஒரு வேலை. எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, அவர்கள் யாரை விரும்புகிறார்கள் என்று கேட்டார். தன் கருத்தைச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தி பேசுகிறவர், வங்காளி, தெலுங்கர், மராத்தியர் என்று எல்லாரும் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் லால் பகதூர் சாஸ்திரி என்று முடிவு சொன்னபோது பெரிய சண்டை இல்லாமல் கட்சி ஏற்றுக்கொண்டது. அதிகம் பேச வராதவர் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வாரத்தில் தேவைப்பட்டது வாய் இல்லை, காது. குரூப் டிஸ்கஷனில் முதல் ஆளாகப் பேசினால்தான் மார்க் என்று நமக்குச் சொல்லித் தர்றாங்களே, அவங்களுக்கு இந்தச் சம்பவத்தை யாராவது சொன்னால் தேவலை.

தலைவராக அவர் வடக்கே சுற்றுப்பயணம் போனார். மேடையில் தமிழில் பேசினார். பக்கத்தில் ஒருவர் நின்று அந்தந்த ஊர் மொழியில் சொன்னார். வாக்கியம் சின்னதாக இருக்கும், மொழிபெயர்க்கிறவருக்கு மூச்சு முட்டாது. 1966இல் சோவியத் யூனியனுக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் போனபோதும் அதே வேட்டி, அதே தமிழ். கான்பூர் தீர்மானத்தில் ஒரு விதிவிலக்கு மாதிரி எழுதி வைத்த உரிமை இருந்ததே, தன் மாகாண மொழியில் பேசலாம் என்று? அதைத் தலைவர் நாற்காலியிலிருந்தே ஒருவர் பயன்படுத்தினார்.

இவ்வளவு வரைக்கும் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கீழே மாகாண மொழி என்று தெளிவாக முடிவெடுத்த அமைப்பு, உச்சியில் என்ன மொழி என்பதை மட்டும் இழுத்துக்கொண்டே வந்தது. அரசியல் நிர்ணய சபையில் காமராஜரும் உறுப்பினர். 1949 செப்டம்பரில் அங்கே எடுத்த முடிவின்படி இந்தி ஆட்சி மொழி, ஆங்கிலம் 15 வருஷத்துக்குத் தொடரும். பதினைந்து வருஷம் ரொம்ப தூரத்தில் இருக்குன்னு அப்போது எல்லாருக்கும் தோன்றியிருக்கும். அது 1965 ஜனவரி 26ஆம் தேதி வாசலில் வந்து நின்றது. அப்போது கட்சித் தலைவர் காமராஜர்.

அந்த ஜனவரியில் தமிழ்நாட்டில் தெருவில் இறங்கியவர்கள் உங்களை மாதிரி கல்லூரி மாணவர்கள். அவர்களின் பயம் மொழிப் பற்று மட்டும் இல்லை, வேலையும்தான். மத்திய அரசுத் தேர்வு இந்தியில் வந்தால், இந்தியில் பிறந்தவனோடு இந்தியில் போட்டி போட வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் ஒருத்தன் மட்டும் பாதித் தூரத்திலிருந்து ஓடுகிற மாதிரி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். போராட்டம் ஓய்வதற்குள் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் அளவில். சுட்டது காமராஜரின் கட்சி ஆண்ட மாநில அரசின் போலீஸ். அவர் டெல்லியில் இருந்தார், முதலமைச்சர் பக்தவத்சலம் என்று கணக்குச் சொல்லலாம். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணின் நாடி பார்த்த மனுஷனுக்கு, கல்லூரி விடுதிகளில் என்ன கொதிக்குது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. பெங்களூரில் நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி, அதுல்ய கோஷ் ஆகியோரோடு உட்கார்ந்தார். கன்னடம், தெலுங்கு, வங்காளம், தமிழ் என்று தாய்மொழி நாலு விதம். இந்தியைத் திணிக்க வேண்டாம் என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி சொன்னார். ஜூனில் காங்கிரஸ் காரியக் கமிட்டி எடுத்த முடிவு இன்னும் முக்கியம்: ஒரு மாநிலம் வேண்டும் என்று சொன்னாலும் ஆங்கிலம் இருக்கும், மத்தியத் தேர்வாணையத் தேர்வுகளை இந்தி, ஆங்கிலத்தோடு மாநில மொழிகளிலும் எழுத வழி செய்ய வேண்டும். 1920இல் கீழே திறந்த கதவை மேல்மாடியிலும் திறக்க எடுத்த முயற்சி இது. நாற்பத்தைந்து வருஷம் தாமதம்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்த முறை காமராஜரையே பிரதமர் ஆகச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேச வராத நான் எப்படி என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். நம்ம ஊரில் இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படிப் பெருமைப்படத் தோன்றவில்லை, கொஞ்சம் கோபம்தான் வருது. தமிழை மட்டும் பேசி ஒருவர் கட்சித் தலைவர் ஆகலாம் என்று ஒரு அமைப்பு காட்டியது. நாட்டின் பிரதமர் ஆகலாம் என்று காட்ட முடியவில்லை. அவரே அப்படி நம்பும் அளவுக்கு அந்தச் சுவர் உயரமாக இருந்திருக்கு. இந்திரா காந்தியும் மொரார்ஜி தேசாயும் போட்டியிட்டு, 355க்கு 169 என்ற கணக்கில் இந்திரா ஜெயித்தார்.

பிறகு 1967 பொதுத் தேர்தல். காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரில் தி.மு.க. நிறுத்தியது பெ. சீனிவாசன், மொழிப் போராட்டத்தில் முன்நின்ற மாணவர் தலைவர். 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் அந்தத் தேர்தலில் பெரிய காரணங்கள், மொழியை மட்டும் சொல்ல முடியாது. ஆனாலும் யாரிடம் தோற்றார் என்பதை யோசிச்சுப் பாருங்க. தமிழைத் தவிர வேறு மொழியில் மேடை ஏறாத ஒருவர், தமிழுக்காகத் தெருவில் நின்ற ஒரு மாணவரிடம், தமிழ் பேசும் தன் சொந்த ஊரில் தோற்றார். அன்றைக்கு ஓட்டுப் போட்ட விருதுநகர்க்காரர்களில் இப்போது வயசாகி இருப்பவர்கள் உங்க தெருவிலேயே இருக்கலாம். ரெண்டு பேரில் யாருக்குப் போட்டாங்கன்னு கேட்டால், சிலர் இன்னமும் நேராகப் பதில் சொல்ல மாட்டாங்க.

அதே 1967இல் இன்னொன்றும் நடந்தது. யுனெஸ்கோ, தன் கூரியர் மாத இதழைத் தமிழிலும் கொண்டுவரத் தொடங்கியது. பாரிஸில் தயாராகும் கட்டுரைகள், அறிவியலும் தொல்லியலும் சேர்த்து, சென்னையில் தமிழாகி வெளிவந்தன. மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக இருந்து, கலைச்சொல் ஒவ்வொன்றாக உருவாக்கிச் சேர்த்தார். ஐ.நா.வின் ஆறு மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்து அமைப்பு ஒன்று தமிழில் எழுதியது. அந்த விருதுநகர்த் தேர்தலை விட இது நமக்கு அதிகம் பயன்பட்டதோ என்று பழைய இதழ்களைப் புரட்டும்போது எனக்குத் தோன்றியிருக்கு.

காமராஜர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். அதே வருஷம் காங்கிரஸ் உடைந்தது. அவர் பழைய காங்கிரஸ் பக்கம் நின்றார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், சென்னையில் காலமானார். அடுத்த வருஷம் பாரத ரத்னா. விருதுநகரில் அவர் வளர்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம், சனிக்கிழமை போய்ட்டு வாங்க.

1965 ஜூனில் காரியக் கமிட்டி பேசிய அந்தத் தேர்வு விஷயம் நடைமுறைக்கு வந்தது 1979இல். கோத்தாரி கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எழுதலாம் என்று ஆனது. இன்றைக்கு நீங்க அதைத் தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்வுக்கும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கேள்வி கேட்பவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பார்.